பெட்டியில் கிடக்கும் புரோநோட்டு

கடன் பாக்கிக்காக நஞ்சன்கூடு சிவில் கோர்ட்டுக்குப் போகும் நம்மவர்களில் சிலர், அசல் புரோநோட்டை வக்கீலிடம்கூடக் கொடுக்கத் தயங்குவதுண்டு. தொலைந்துவிடுமோ என்ற அச்சம் இயற்கையே. ஆனால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 7-வது ஆர்டர், 14-வது விதி தெளிவாகவே இருக்கிறது. வழக்குக்கு அடிப்படையான பத்திரம், பட்டியலுடனும் நகலுடனும் பிராதோடு தாக்கலாக வேண்டும். விடுபட்டால் பிற்பாடு கோர்ட்டாரின் அனுமதியின்றி சாட்சியத்தில் ஏறாது. ஊரில் தமிழில் எழுதிய நோட்டு என்றால் கன்னட மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத நோட்டையோ, அபராதம் கட்டினாலும் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். 1899-ஆம் வருட முத்திரைச் சட்டம் இதில் இரக்கமே காட்டவில்லை. கேட்டவுடன் தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்றே வருடம்தான் கெடு. அச்சம் தீராதவர்கள் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கொடுக்கும்போது வக்கீலிடம் ரசீது வாங்கிக்கொள்ளட்டும். நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ளமாட்டார்.