கோவிலில் விஞ்ஞானி படம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்க.

இந்த நவராத்திரிக்கு ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். தலைப்பு, 'எனக்குப் பிடித்த விஞ்ஞானி'. படம் ஒட்டி, ஏன் பிடிக்கும் என்று நாலு வரி எழுதியிருக்காங்க. அதைப் பார்த்துவிட்டு இரண்டு விதமான கேள்வி தொண்டர்களான எங்களிடம் வந்தது. ஒன்று, "கோவில்ல சாமி படம்தானே இருக்கணும், இது என்ன பள்ளிக்கூடமா?" இன்னொன்று, "வெள்ளைக்காரர் படமும் சீனர் படமும் எதுக்கு? நம்ம ஆளுங்க போதாதா?" கேட்டவர்கள் எல்லாம் இந்தக் கோவிலுக்குப் பல வருஷம் உழைத்த பெரியவர்கள். அதனால் முறையாகப் பதில் சொல்வது எங்கள் கடமை.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். சரஸ்வதி பூஜையன்று நாம் புத்தகத்தைத்தானே சாமி முன்னாடி அடுக்குகிறோம்? அந்தப் புத்தகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களை ஒன்பது நாள் நினைப்பதில் என்ன தப்பு? கல்வியைக் கும்பிடுகிற வீட்டில் கற்றவருக்கும் ஓர் இடம் உண்டு.

இரண்டாவது கேள்விதான் யோசிக்க வேண்டியது.

பலகையில் அதிகம் பேர் எழுதியிருப்பது ராமானுஜன் பெயரை. காரணம் கேட்டால், "நாமகிரித் தாயார் கனவுல வந்து கணக்கு சொல்லிக் கொடுத்தாங்க" என்கிறார்கள். அவர் நாமக்கல் தாயார் மேல் வைத்திருந்த பக்தி உண்மை. ஆனால் அத்தோடு கதையை நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர் 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்து போனார். ஆனாலும் 'இதற்கு நிரூபணம் எங்கே?' என்று கேட்டார். ராமானுஜன் அனுப்பியவற்றில் பகா எண்கள் பற்றிய சில முடிவுகள் தவறு என்றும் தெரிந்தது. 1914-ல் கப்பலேறிப் போய், அங்கே உட்கார்ந்து நிரூபிக்கும் முறையைக் கற்று உழைத்தார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1920-ல், 32 வயதில் காலமானார். அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகங்களில் உள்ளதை நிரூபிக்கக் கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. தாயார் தந்ததென்று அவர் நம்பிய சூத்திரமே சோதனைக்கு உட்பட்டது. அதனால் தாயாருக்கும் குறைவில்லை, ராமானுஜனுக்கும் குறைவில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் தெரியுமா? நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றுகிறது. திருநள்ளாறு கோவிலுக்கு மேலே வரும்போது நாசா செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுவிடுகிறதாம். நாசா அப்படி எதுவும் சொல்லவில்லைங்க. பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நின்றால் விழுந்துவிடும். சனீஸ்வரனை நம்புகிறவருக்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை. அந்தப் பொய்யை அனுப்பும்போது நாம் சாமியையும் சின்னதாக்குகிறோம், படிக்கிற பிள்ளையையும் குழப்புகிறோம்.

இப்போது அந்த வெள்ளைக்காரர் படத்துக்கு வருவோம். அவர் மால்கம் வாட்சன். ஸ்காட்லாந்துக்காரர். 1901-ல் கிள்ளானில் அரசாங்க டாக்டர். அந்த வருஷம்தான் இப்போது போர்ட் கிள்ளான் என்கிறோமே, அந்தத் துறைமுகம் திறந்தார்கள். திறந்த வேகத்தில் மலேரியா பரவி, ஆட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட்டார்கள். கொசுதான் மலேரியாவைக் கொண்டு போகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. வாட்சன் அதை நம்பி வேலையில் இறங்கினார். சதுப்பைச் சுத்தம் செய்து, லோங்காங் வெட்டி, தேங்கிய தண்ணீரை வடித்தார். காய்ச்சல் குறைந்தது.

பிறகு தோட்டங்களுக்குப் போனார். கித்தா மரம் வெட்ட நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த தோட்டங்கள் அவை. கடலோரத் தோட்டங்களில் காட்டை அழித்துத் தண்ணீரை வடித்ததும் பலன் கிடைத்தது. மலைப்பக்கத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. காட்டை அழித்தும் காய்ச்சல் விடவில்லை. காரணம், அங்கே இருந்தது வேறு ஜாதிக் கொசு. வெயில் படும் தெளிந்த ஓடைத் தண்ணீரில் முட்டையிடுவது அது. காட்டை அழித்தது அந்தக் கொசுவுக்கு வசதியாகிவிட்டது! வாட்சன் இதை மறைக்கவில்லை. 1911-ல் வந்த தன் புத்தகத்திலேயே எழுதினார். எந்தக் கொசு எங்கே வளர்கிறது என்று இடம் இடமாகப் பார்த்து, ஓடைத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே போகவிட்டார், எண்ணெய் தெளித்தார். தோட்ட முதலாளிகள் இதற்குப் பணம் போட்டது பாசத்தால் இல்லை, ஆள் படுத்தால் பால் இறங்காது என்பதால்தான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் லயத்தில் எத்தனையோ உயிர் தப்பியது. இன்று நம் கோவிலில் கும்பிடுகிற குடும்பங்களில் சில அப்படித் தப்பியவர்களின் வம்சமாக இருக்கலாம். அவரை 'நம்ம ஆள் இல்லை' என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சீனர் டாக்டர் வூ லியன் தே. பினாங்கில் 1879-ல் பொற்கொல்லர் ஒருவருக்குப் பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனார். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. அப்போது வயது 31. இறந்தவர் ஒருவரின் உடலைச் சோதித்து, இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்றார். பஞ்சும் துணியும் வைத்த முகக்கவசம் அணியச் சொன்னார். மூத்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் ஏளனம் செய்து, கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அந்த நோயிலேயே இறந்தார். சுமார் 60,000 உயிர்களைக் குடித்த நோய் அது.

எங்களுக்கு அவரிடம் அதிகம் பிடித்தது வேறொன்று. மண் உறைந்து கிடந்ததால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்க முடியாமல் பெட்டிகளில் அடுக்கிக் கிடந்தன. எரிப்பதுதான் வழி. ஆனால் முன்னோரைப் புதைப்பது அவர்களுடைய வழக்கம். டாக்டர் வூ அந்த வழக்கத்தைக் கேலி பேசவில்லை, பயந்து பின்வாங்கவும் இல்லை. ஊர்த் தலைவர்களையும் அதிகாரிகளையும் அழைத்துப்போய் நிலைமையைக் காட்டினார். அரசவைக்கு எழுதி அனுமதி வாங்கி எரித்தார். 1911 மார்ச்சில் ஹார்பினில் நோய் நின்றது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பூஜைக்குப் பக்தர்கள் இல்லாமல் கோவில் கதவைச் சாத்தினோமே, அந்த வேதனை நமக்குத் தெரியும். வழக்கத்தை மதித்துக்கொண்டே உயிரைக் காக்கலாம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியவர் நம் பினாங்குக்காரர்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். நம் இனம் என்பதற்காக ஒருவரைப் பாராட்டுவது தப்பில்லை. ஆனால் அது மட்டுமே காரணமானால், பிள்ளை பெருமைப்படக் கற்றுக்கொள்ளும், உழைக்கக் கற்றுக்கொள்ளாது. ராமானுஜன் மாதிரி நிரூபணம் கேட்டால் கொடுக்கணும். வாட்சன் மாதிரி பலிக்காததைப் பலிக்கவில்லை என்று எழுதணும். வூ மாதிரி ஜனங்களிடம் எடுத்துச் சொல்லிச் செய்யணும். இதைக் கற்றுக்கொடுக்கக் கோவிலை விட நல்ல இடம் எது?

பலகை விஜயதசமி வரை இருக்கும். வந்து பாருங்க. பெரியவர்கள் பிள்ளைகளிடம் "யாரைப் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்காமல் "ஏன்?" என்றும் கேளுங்க. பதில் தப்பாயிருந்தால் திட்டாமல், சேர்ந்து தேடுங்க.

இன்னொரு விண்ணப்பம். டிங்கிக் கொசு பெரும்பாலும் சுத்தமான தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சிதறுகாய் உடைத்த இடத்தில் கிடக்கும் சிரட்டை, மழை நிறைந்த அகல் விளக்கு, பூ ஜாடி, கால் கழுவும் இடத்து வாளி, எல்லாமே அதற்கு வீடு. இனி ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூஜை முடிந்ததும் அரை மணி நேரம் எல்லாவற்றையும் கவிழ்த்து, லோங்காங்கைச் சுத்தம் செய்யப் போகிறோம். துடைப்பம், கையுறை கோவிலில் இருக்கு. ஆள்தான் வேணும். முடிந்தவர்கள் வாங்க, பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க.