கருத்துக் கேட்காமலே ஒரு டவுன்ஷிப்

ஈ.ஐ.ஏ. பாடத்தை எல்லாரும் பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் படிச்சோம், ஒத்துக்கோங்க. அதுல ஒரு விஷயத்தை நான் அப்போ கவனிக்கவே இல்லை. பெரிய சுரங்கம், கெமிக்கல் ஆலைன்னா மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. அடுக்குமாடிக்கும் டவுன்ஷிப்புக்கும் கிடையாது! 2006 அறிவிக்கையே அதுக்கு விலக்கு கொடுத்திருக்கு. 20,000 சதுர மீட்டர் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேணும், பக்கத்துத் தெருக்காரர் கருத்து வேண்டாம்.

பள்ளிக்கரணையைப் பாருங்க. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகுது. அதை ஒட்டி ஒரு பெரிய குடியிருப்புக்கு அனுமதி கொடுத்த விவகாரம் 2025-ல் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

"நீங்களே சதுப்பில்தானே வீடு கட்டியிருக்கீங்க?"ன்னு அங்கே இருக்கறவங்களைக் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா 2015-ல் தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, எத்தனை படி ஏறுச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பில்டர் கொடுக்கும் படிவத்தில் அது இருக்காது. அடுத்த வருஷம் நம்மில் சிலர் அந்தப் படிவத்தை நிரப்பும் வேலையில்தான் இருப்போம்.

அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள் அவகாசம். தாமதத்துக்குக் காரணம் சொன்னா இன்னும் 60 நாள். அனுமதிக்கு முன்னாடியே ஒரு கூட்டம் போட்டுக் கேட்டா என்ன? பொக்லைன் வந்து நிக்கும்போதுதான் பல பேருக்கு விஷயமே தெரியுது.