அறிவுக்கு எல்லை வேலி எதற்கு?

வறிய நாட்டுக்கு ஆராய்ச்சி எதற்கு என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுகிறது. எழுப்புவோர் இரு சாரார். ஒரு சாரார், "அணுவைப் பிளப்பதும் அதன் துணிக்கைகளை ஓடவிட்டுப் பார்ப்பதும் செல்வந்த நாடுகளின் விளையாட்டு, பசித்தவனுக்கு அதனால் ஒரு பிடி சோறு கிட்டுமா?" என்கின்றனர். மறு சாரார், "ஊர் ஊராய்ச் சென்று கடனைப் பற்றியும் காணியைப் பற்றியும் வினாத்தாள் நிரப்புவதும் ஓர் ஆராய்ச்சியா? விஞ்ஞானம் என்றால் கருவி வேண்டாமா?" என்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பழித்தாலும் ஒரு காரியத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். அறிவு என்னும் காணியின் நடுவே வேலி ஒன்றை அடைத்து, இப்பக்கம் நமக்கு, அப்பக்கம் பிறர்க்கு என்று பங்கிட முனைவதே அக்காரியம்.

வேலி வழக்குகள் யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களுக்குப் புதியன அல்ல. ஒரு முழ நிலத்துக்காகத் தொடங்கிய வழக்கு, இரு தலைமுறை நடந்து, ஈற்றில் காணியின் பெறுமதியையே விழுங்கிவிடுவதைச் சட்டத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். அறிவுக்கு நடுவே வேலி அடைக்கும் வழக்கும் அத்தகையதே. இதில் வெல்வோர் எவருமிலர், இழப்போர் நாமே. இது வெறுங் கூற்றன்று என்பதை நிறுவச் சாட்சிகளை அழைப்போம்.

முதற் சாட்சி கீழடி. வைகைக் கரையிலுள்ள அவ்வூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றித் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 இல் அறிக்கை வெளியிட்டபோது, உலகெங்கும் தமிழர் உள்ளம் பூரித்தது. நிலமட்டத்துக்குக் கீழே 353 சென்ரிமீற்றர் ஆழத்திற் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என அவ்வறிக்கை கூறிற்று. மேடைதோறும் அந்த ஆண்டை முழங்கினோம். ஆனால், அந்த ஆண்டை நமக்குச் சொன்னது எது? புலவர் ஒருவரின் ஊகமன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஆய்வுகூடம் ஒன்றிற் செய்யப்பட்ட அளவையே அதனைச் சொன்னது. அந்த அளவையின் உள்ளே இருப்பது துணிக்கை ஆர்முடுக்கி என்னும் இயந்திரம்.

அவ்வியந்திரம் செய்வது யாது? மின்விசையால் அணுக்களை உந்தி விரைவாக ஓடச் செய்கிறது. காந்தவிசையால் அவற்றின் பாதையை வளைத்து எடைவாரியாகப் பிரிக்கிறது. உயிருள்ள மரத்திலுள்ள காபன் அணுக்களுள் ஏறக்குறைய இலட்சங் கோடிக்கு ஒன்று காபன் 14 என்னும் வகையைச் சேர்ந்தது. மரம் பட்டபின் அது சிறிது சிறிதாக அழிகிறது. 5,730 ஆண்டுகளிற் பாதியாகிறது. எஞ்சியதை எண்ணினால் வயது தெரியும். முன்னர், அது அழியும்போது எழும் கதிர்களை எண்ணவேண்டியிருந்தது. அதற்குக் கைநிறையக் கரி வேண்டும், நாள்கள் பல வேண்டும். 1977 ஆம் ஆண்டளவில், அணுக்கருவின் இயல்பை அறியும் ஆவலாற் கட்டப்பட்டிருந்த ஆர்முடுக்கிகளைக் கொண்டே அந்த அணுக்களை நேராக எண்ணும் வழியை அமெரிக்க, கனடிய அறிஞர் கண்டனர். அதன்பின் ஓர் அரிசிமணியளவு கரியும் போதுமென்றாயிற்று. அந்த இயந்திரத்தைக் கட்டிய நாளில், "இதனால் எவருக்கு என்ன பயன்?" என்று கேட்டிருந்தால், "வைகைக் கரையில் வாழ்ந்தோரின் காலத்தைக் கணிக்கலாம்" என்று எவர் விடையிறுத்திருப்பார்? ஆர்முடுக்கியைப் பயனற்ற விளையாட்டென்று இகழ்வோர், கீழடியின் ஆண்டை முழங்கும் உரிமையையும் அன்றோ துறத்தல் வேண்டும்!

எனினும், சாட்சி கூறியதற்கு மேலாகக் கூறியதாகக் கொள்வது நியாயமன்று. இயந்திரம் சொன்னது கரியின் வயதை மாத்திரமே. அங்கு வாழ்ந்தோர் யார், என்ன தொழில் செய்தனர், பானையோட்டிற் கீறிய பெயர் எவருடையது என்பவற்றை இயந்திரம் சொல்லாது. அவற்றை எழுத்தறிஞரும் சமூகவியலாரும் வரலாற்றாசிரியருமே சொல்லவேண்டும். ஒரு குழியினுள்ளேயே பௌதிகமும் சமூக ஆராய்ச்சியும் தோளோடு தோள் நின்றாலன்றி உண்மை வெளிப்படாது.

பழம்பெருமை கமக்காரனுக்குச் சோறு போடுமா என்று கேட்பீராயின், இரண்டாஞ் சாட்சியாக அவனுடைய கிணற்றையே அழைப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் மழை சேர்த்துவைத்த நீரே குடிக்கவும் இறைக்கவும் உள்ள ஒரே செல்வம். அந்நீரில் நைத்திரேற்று என்னும் உப்பு மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. குடிநீர் லீற்றர் ஒன்றில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெங்காயமும் மிளகாயும் விளையும் செம்மண் தோட்டங்களிடையே உள்ள கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது பேராபத்து.

இந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது? தோட்டத்துப் பசளையிலிருந்தா, மலகூடக் குழியிலிருந்தா? இதற்கு விடைகாண நைதரசன் அணுக்களின் வகைகளை எடைவாரியாகப் பிரித்தறிய வேண்டும். நிலத்தடி நீர் நேற்றைய மழையா, நெடுங்காலம் தேங்கியதா? இறைத்தால் மீண்டும் ஊறுமா? இதற்கும் அணுக்களை எண்ணும் கருவியே வேண்டும். கீழடிக் கரியை எண்ணும் அதே வழியால் நீரிற் கரைந்துள்ள காபனையும் எண்ணி, பழைய நீரின் வயதைக் கணிக்கின்றனர். ஆகவே ஆர்முடுக்கி கமக்காரனின் கிணற்றடிக்கு அந்நியமானதன்று.

ஆனால், நஞ்சு பசளையிலிருந்தே வருகிறது என்று பௌதிக அறிஞர் நிறுவிவிட்டாற் போதுமா? கமக்காரன் ஏன் வேண்டியதிலும் மிகுதியாகப் பசளை இடுகிறான்? குத்தகைக் காலம் முடியுமுன் கூடிய விளைவை எடுக்கவா? கடைக்காரனிடம் பட்ட கடனுக்கு அஞ்சியா? விலை எப்போது விழுமென்று தெரியாத சந்தைக்கு அஞ்சியா? தகுந்த ஆலோசனை கூற எவரும் வாராமையாலா? இவற்றை எந்த இயந்திரமும் அளந்து கூறாது. திண்ணையில் இருந்து பேசி, கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, பத்து வீடல்ல நூறு வீடு ஏறியிறங்கும் சமூக ஆராய்ச்சியாளனே கூறவல்லான். ஒரு கிணற்றைக் காப்பாற்றுவதற்கே இரு ஆராய்ச்சியும் வேண்டுமென்றால், ஒரு நாட்டைக் காப்பாற்ற எது வேண்டாம் என்று சொல்வீர்?

ஆராயாமல் ஆண்டால் விளைவது யாது என்பதற்கு மூன்றாஞ் சாட்சியும் உண்டு. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நாடு முழுவதற்கும் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதே. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் எந்த மண்ணுக்கு எவ்வளவு, எத்தனை போகத்தில் மாற்றுவது, இடைக்காலத்தில் விளைவு குறைந்தால் கமக்காரனின் கடனை யார் இறுப்பது என்னும் வினாக்களுக்கு விடை காணப்படவில்லை. விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தனர். அவர் குரல் எடுபடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் பெரும்போகம் பெரிதும் வீழ்ந்தது. அரிசியைக் கடல்கடந்து கொணர வேண்டியதாயிற்று. ஆணை பிறப்பித்தோர் பசியறியார். நட்டத்தைச் சுமந்தவன் சிங்களக் கமக்காரனும் தமிழ்க் கமக்காரனும் முஸ்லிம் கமக்காரனுமே. ஆராய்ச்சிக்குச் செலவிடாது மிச்சம் பிடித்த காசைப் போலப் பன்மடங்கு ஒரே போகத்தில் வயலிற் கரைந்தது.

ஆராய்ச்சிக்கு நம் நாடு செலவிடுவதுதான் எவ்வளவு? நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டிய தொகையே. அதாவது ஆயிரம் ரூபா உழைத்தால் ஏறக்குறைய ஒரு ரூபா. தென் கொரியா அதே ஆயிரத்தில் ஐம்பது வரை செலவிடுகிறது. அந்த ஒற்றை ரூபாவைப் பௌதிகத்துக்குக் கொடுப்பதா, சமூகவியலுக்குக் கொடுப்பதா என்று நாம் சண்டையிடுவது, பந்தியில் இலையே போடாதவனை விட்டுவிட்டுப் பக்கத்து இலைக்காரனோடு சச்சரவிடுவது போலாகும்.

காசு மாத்திரமா போயிற்று? ஆளும் போயினர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஒரு காலத்தில் நம்மவர் இருவர் பணிபுரிந்தனர். ஒருவர் கணிதப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர். கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞரின் வழியில் நின்று, இலத்திரன் கதிர்வீசும்போது அதன் இயக்கம் எங்ஙனம் மாறும் என்பதை ஆராய்ந்தவர். வளைந்தோடும் இலத்திரன் ஒளியாகத் தன் சக்தியை இழப்பது ஆர்முடுக்கி அமைப்போரின் அன்றாடக் கணக்கு. மற்றையவர் எஸ். ஜே. தம்பையா. கண்டி மாவட்டத்துப் பாத்ததும்பறைக் கிராமங்கள் நலிவதை என். கே. சர்க்காருடன் ஆராய்ந்து 1957 இல் நூல் வெளியிட்டவர். ஆராய்ச்சியின் இரு கோடிகளிலும் நின்ற இவ்விருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்நாட்டை நீங்கினர். எலியேசர் 1959 இல் மலாயாவுக்கும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றார். தம்பையா 1960 இல் தாய்லாந்துக்கும், அப்பால் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வார்ட் ஆகிய பல்கலைக்கழகங்களுக்கும் சென்றார். 1997 இல் பால்சான் பரிசு பெற்றார். நாடு ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை இழக்கவில்லை. இருவரையும் சேர்த்தே இழந்தது. வினா எழுப்புவோரை மதியாத மண்ணில், அணுவைப் பற்றிய வினாவும் நிலையாது, மனிதரைப் பற்றிய வினாவும் நிலையாது.

"நியாயந்தான், ஆனால் ஆர்முடுக்கி கட்ட நம்மிடம் பணம் ஏது?" என்று எதிர்வாதம் செய்வோர் உளர். நாளையே கிளிநொச்சியில் ஒன்றைக் கட்டுக என்று எவரும் கோரவில்லை. தனித்துக் கட்ட இயலாதவர் கூடிக் கட்டிய கதையை அவர் அறிதல் நன்று. ஜோர்தான் நாட்டில் அல்லான் என்னுமிடத்தில், இலத்திரன்களை வளையத்தில் ஓடவிட்டு ஒளி பெறும் ஆர்முடுக்கி நிலையம் ஒன்று 2017 மே 16 இல் திறந்துவைக்கப்பட்டது. செசமி என்பது அதன் பெயர். ஜேர்மனி 1999 இல் மூடிய பழைய இயந்திரத்தின் பாகங்களை நன்கொடையாகப் பெற்று யுனெஸ்கோவின் ஆதரவில் தொடங்கியது அது. எகிப்தும் ஈரானும், இஸ்ரேலும் பலஸ்தீனமும், பாகிஸ்தானும் துருக்கியும், சைப்பிரசும் ஜோர்தானும் அதில் அங்கத்துவம் பெற்றன. ஒன்றையொன்று அங்கீகரிக்காத அரசுகளின் அறிஞர் ஒரே சபையில் அமர்ந்தனர். வழி இலேசானதன்று, அம்முயற்சியோடு தொடர்புடைய ஈரானிய பௌதிக அறிஞர் இருவர் 2010 இல் தெஹ்ரானிற் கொலையுண்டனர். அதன் பின்னும் வேலை நிற்கவில்லை. பகைவர் கூடிக் கட்டியதை, ஒரே தீவிற் பிறந்த நாம் கூடிப் பயன்படுத்தவும் முடியாதா?

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில உள. முதலாவதாக, நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் மொழியுரிமை, காணியுரிமை ஆகியவற்றோடு ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டையும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்டல் வேண்டும். யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு, செலவானது எதில் என்று சபையில் எழுந்து கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, அப்பல்கலைக்கழகங்களில் விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும் கலைப்பீடமும் ஒரே கிணற்றடிக்கு ஒன்றாகச் செல்லும் ஆய்வுகள் தொடங்கப்படல் வேண்டும். அவற்றின் முடிவு ஆங்கிலச் சஞ்சிகையோடு நின்றுவிடாது, தமிழில் எழுதப்பட்டுக் கமக்காரர் அமைப்புகளில் வாசிக்கப்படல் வேண்டும். தன் நீரைப் பற்றிய உண்மையைத் தன் மொழியில் அறிவது கமக்காரனின் உரிமை. அதனைக் கேட்டுப் பெறுவது அவன் கடமை.

மூன்றாவதாக, வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் கணக்காளருமாகிய நம் படித்த வகுப்பினருக்கு ஒரு சொல். கோயிற் கோபுரத்துக்கும் பாடசாலை வளைவுக்கும் வழங்கும் கை, ஓர் ஆராய்ச்சி மாணவனின் மூன்றாண்டுப் படிப்புக்கும் வழங்கட்டும். பிள்ளை பௌதிகம் படிக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன உத்தியோகம்?" என்றும், சமூகவியல் படிக்க விரும்பினால், "வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்றும் வீட்டிலேயே வேலி அடைப்போர் நாமே அல்லவா? புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற மகரகமைக்குச் செல்லும் நம் உறவினர் படுத்திருக்கும் இயந்திரமும் ஓர் ஆர்முடுக்கியே. அதனை உலகுக்கு ஆக்கித்தந்தோரும் ஒரு காலத்தில், "இதைப் படித்து என்ன செய்வாய்?" என்று கேட்கப்பட்ட பிள்ளைகளாகவே இருந்திருப்பர்.

ஆண்டை அறியக் கரித்துண்டைக் கடல் கடந்து அனுப்பினோம். அதில் வெட்கமில்லை, அறிவுக்குத் தேசமில்லை. ஆனால், அனுப்பும் கையாகவே என்றும் இருப்போமென்றால், நம்மைப் பற்றி எந்த வினாவைக் கேட்பது, எதைக் கேளாது விடுவது என்பதையும் பிறரே தீர்மானிப்பர். கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்த மக்கள் பின்னர் எந்த உரிமையைக் கேட்டும் பெறுதல் அரிது. அணுவின் உட்புறமாயினும் அயல்வீட்டான் கடனாயினும் ஆராயத் தக்கதே. வேலியைப் பிடுங்குவோம், காணி முழுவதும் நமதே.