காத்திருக்கும் வலிமையே மலைச் சிற்றூர்களின் முதல்

குறிஞ்சி நிலத்தின் வளத்தைப் பாடிய சங்கப் புலவர் பலர். அவ்வளம் இன்றும் முற்றாகக் குன்றிவிடவில்லை. அதனை விளைவிப்போரின் வாழ்வுதான் உயரவில்லை. இதற்குக் காரணம் யாது? பழனி மலைத்தொடரில் விளையும் இரு பொருள்களை ஒப்பிட்டு நோக்கின் விடை புலப்படும். ஒன்று மலைவாழை, மற்றொன்று மலைப்பூண்டு.

கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தந்து வளர்வது மலைவாழை. 1970களில் அசுவினிப் பூச்சி பரப்பிய முடிக்கொத்து நோயால் இதன் பரப்பு பெரிதும் சுருங்கியது. எஞ்சியதன் பெருமையோ சிறிதன்று. விருப்பாட்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அப்பழம் சேரும் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் 2019இல் அக்குறியீடு கிடைத்தது. ஆயினும் தாரை வெட்டிய அன்றே காலம் உழவனுக்குப் பகையாகிவிடுகிறது. பழுக்குமுன் விற்றாக வேண்டும். எனவே வணிகர் சொல்வதே விலையாகிறது.

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் முதலிய ஊர்களில் விளையும் பூண்டின் நிலை வேறு. இதற்கும் 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. உலர்த்திப் புகையூட்டி வைத்தால் பல மாதங்கள் கெடாது, விதைக்கும் பயன்படும். வடுகபட்டிச் சந்தையில் விலை தாழ்ந்திருந்தால் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம். ஆனால், கடன்பட்டவனுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவன் பூண்டையும் வாழையைப் போலவே விற்கிறான்.

இவ்விரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்றே. காத்திருக்க இயன்றவனே விலை சொல்ல இயலும். புவிசார் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி, விற்பவனுக்குக் காத்திருக்கும் வலிமையைத் தாராது.

சிறு நிலங்களால் வணிகம் இயலாது என்பர் சிலர். இக்கூற்று ஏற்புடையதன்று. காப்பி, மிளகு, வாழை, ஆரஞ்சு எனப் பலவும் கலந்து நிற்கும் சிறு தோட்டத்தில் ஒன்று பொய்த்தால் மற்றொன்று தாங்கும். குறை நிலத்தின் அளவில் இல்லை. தனித்தனியே நின்று விற்பதில் உள்ளது. பத்து உழவர் இணைந்தாலே உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம் என 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. அத்தகைய அமைப்பின்வழி ஊர்தோறும் தரம் பிரிக்கும் கூடம், வாழைப்பழத்தை உலர்த்தும் களம், இருப்பிலுள்ள பூண்டின்பேரில் குறைந்த வட்டிக் கடன் ஆகிய மூன்றும் அமையுமாயின் நிலைமை மாறும்.

மலையூர் இளைஞர் பலர் சமவெளி ஆலைகளுக்குக் கூலிகளாக இறங்கி வருகின்றனர். அவர்களுள் கற்றோர் தம் ஊரின் கணக்கையும் கொள்முதலையும் ஏற்று நடத்த முன்வருதல் வேண்டும். அவ்வேலைக்கு ஊதியம் தரும் அளவுக்கு அம்மலையின் விளைச்சலுக்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பின் பெரும்பகுதி அடிவாரத்திலேயே தங்கிவிடாமல் மலையேறச் செய்வதே இன்றைய தேவை.