அங்கத்தினரா? வாடிக்கைக்காரரா?

"எங்கள் கிளப்பில் சேருங்கள்!"

இப்படி அழைப்பவர்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. கைபேசியில் கூப்பிடுகிறார்கள். கடை வாசலில் துண்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். தெரிந்தவர் மூலம் வீட்டுக்கே வருகிறார்கள்.

சேரலாமா? தாராளமாகச் சேரலாம். தனி மரம் தோப்பாகாது. நாலு பேரோடு கூடி வாழ்வதுதான் வாழ்க்கை.

ஆனால், எதில் சேருவது? அங்கேதான் கவனம் வேண்டும். குடும்பத்தின் பணமும், மாலை நேரமும், மானமும் அதில் அடங்கி இருக்கின்றன.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தச் சங்கம் யாருடையது?"

"சேருகிறவர்கள் எல்லாருக்கும் உரியது" என்றால், நீங்கள் அங்கத்தினர். "ஒரு முதலாளிக்கு உரியது" என்றால், நீங்கள் வாடிக்கைக்காரர். கையில் அழகான அட்டை கொடுத்தாலும் வாடிக்கைக்காரர்தான்!

வாடிக்கைக்காரராக இருப்பது குற்றம் அல்ல. உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதக் கட்டணம் கட்டுகிறோம். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நின்றுகொள்கிறோம். வாடிக்கைக்காரரை "அங்கத்தினர்" என்று சொல்லி, பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடுவதுதான் தவறு.

28 பேர் செய்த காரியம்

இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். நெசவு ஆலைகள் நிறைந்த ஊர். கூலி குறைவு. கடையில் வாங்கும் மாவிலும் கலப்படம்.

1844-ல் அந்த ஊர்த் தொழிலாளர் 28 பேர் ஒன்று சேர்ந்தார்கள். சிறுகச் சிறுகப் பணம் போட்டார்கள். தாங்களே ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி - இவ்வளவுதான் சரக்கு. எடையில் மோசடி இல்லை. சரக்கில் கலப்படம் இல்லை. மிஞ்சிய லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்தக் கணக்குப்படி பங்கிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அதிகப் பணம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. குறைந்த பணம் போட்டவருக்கும் ஒரே ஓட்டு!

அதே வழியைப் பின்பற்றி 1904-ல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கூட்டுறவின் உயிர் இந்த "ஒருவருக்கு ஒரு ஓட்டு" என்பதில்தான் இருக்கிறது.

"பரிசு விழுந்திருக்கிறது!"

இதற்கு நேர் மாறான கிளப்புகளும் உண்டு.

"உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. மனைவியோடு ஓட்டலுக்கு வாருங்கள்" என்று ஓர் அழைப்பு வரும். போனால் குளிர்ந்த அறை, சிற்றுண்டி, இனிய பேச்சு. ஊட்டி, கொடைக்கானல், கோவா என்று படங்கள் காட்டுவார்கள். "எங்கள் விடுமுறைக் கிளப்பில் சேர்ந்தால் ஆண்டுக்கு 7 நாள் தங்கலாம். 25 ஆண்டுக்குக் கவலை இல்லை. ஆனால் இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை" என்பார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்க்கைக் கட்டணம் 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். பராமரிப்புக் கட்டணம் என்று ஆண்டுதோறும் இன்னொரு 12,000 ரூபாய். ஆக 24,000 ரூபாய். 7 நாளுக்கு வகுத்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,400 ரூபாய்! ரயில் செலவு தனி. சாப்பாடு தனி. போகாத ஆண்டிலும் பராமரிப்புப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம்.

ஆண்டுதோறும் தவறாமல் ஊர் சுற்றும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகலாம். மற்றவர்களுக்கு? பெண்ணின் படிப்புக்கு வைத்த பணம் இப்படிப் போகலாமா?

நல்ல சரக்கு நாளைக்கும் நல்ல சரக்குதான். "இன்றே கையெழுத்து" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம்.

வாசலில் நிற்பவர் யார்?

ஒரு சங்கம் யாரை உள்ளே விடுகிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் பாருங்கள்.

1832-ல் சென்னையில் வெள்ளைக்காரர்கள் "மெட்ராஸ் கிளப்" தொடங்கினார்கள். நம்மவர்களுக்கு அங்கே இடம் இல்லை. 1873-ல் இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து பழக "காஸ்மாபாலிட்டன் கிளப்" ஏற்பட்டது. கிரிக்கெட்டிலும் அதே கதைதான். 1888-ல் புச்சிபாபு நாயுடு, நம் பிள்ளைகள் ஆடுவதற்காக "மெட்ராஸ் யுனைடெட் கிளப்" கண்டார். கதவு மூடப்பட்டதும் அவர் வாசலில் நின்று கெஞ்சவில்லை. தாமே ஒரு கதவு திறந்தார்!

வெள்ளைக்காரர் போன பிறகும் சில கிளப்புகளில் பழைய வாடை போகவில்லை. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். நாடே கொதித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் செய்தது. வேட்டி கட்டியவரைக் கிளப்புகள் தடுக்கக் கூடாது என்று ஆயிற்று.

மனமகிழ் மன்றங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்தாட்டமும் படிப்பறையும் உள்ள மன்றம் நல்லது. சீட்டுக் கட்டும் பாட்டிலும்தான் மனமகிழ்ச்சி என்றால், சந்தா குறைவாக இருந்தாலும் செலவு பெரிது. மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துப் போக முடியாத மன்றம், வீட்டின் மாலை நேரத்தைத் தின்றுவிடும்.

பக்கத்திலேயே இருக்கிறது

நல்ல சங்கம் தேடி வெகு தூரம் போக வேண்டாம்.

உங்கள் ஊர் நூலகத்தைப் பாருங்கள். நூலகச் சட்டம் 1948-ல் நம் மாநிலத்தில் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். பணம் கட்டிவிட்டுப் புத்தகம் எடுக்காமல் இருக்கலாமா? பிள்ளைகளை இன்றே சேர்த்துவிடுங்கள்.

பெண்களுக்கு மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த முயற்சி 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. தெருவில் உள்ள பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுகிறார்கள். சிறு தொகை சேமிக்கிறார்கள். அவசரத்துக்குக் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். வங்கிப் புத்தகத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் எல்லாரும் பார்க்கலாம். பார்க்கக் கூடாது என்று தலைவி சொன்னால், அந்தக் குழு வேண்டாம்!

ஐந்து கேள்விகள்

எந்தச் சங்கமானாலும், சேரும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. சங்கம் பதிவு ஆனதா? பதிவு எண் என்ன? 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். செய்யவில்லை என்றால், ஏன்?

2. எனக்கு ஓட்டு உண்டா? பொதுக்குழு ஆண்டுதோறும் கூடுகிறதா?

3. வரவு செலவுக் கணக்கை அங்கத்தினருக்குக் காட்டுகிறார்களா?

4. சந்தாவுக்கு மேல் வேறு என்ன கட்ட வேண்டும்? சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா?

5. விலக நினைத்தால் எப்படி விலகுவது? பணம் திரும்பி வருமா?

படிக்கத் தெரிந்தவர் தாமே ஒப்பந்தத்தைப் படியுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டுக் கேளுங்கள். முழுதும் படிக்க வராதவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து.

சேர்ந்த பிறகும் ஒரு கடமை உண்டு. பொதுக்குழுவுக்குப் போகாமல் வீட்டில் இருந்துகொண்டு, "சங்கம் கெட்டுவிட்டது" என்று சொல்லிப் பயன் இல்லை. அங்கத்தினர் தூங்கினால் கணக்கும் தூங்கும்.

சந்தா கொடுங்கள். அதோடு உங்கள் ஓட்டையும் போடுங்கள். அப்போதுதான் அது உங்கள் சங்கம்!