பி.காம். பாஸ், கணக்கு பாக்கி!

பி.காம். ரிசல்ட் வந்த வீடுகளில் எல்லாம் இப்போது ஒரே கேள்வி. "அடுத்து என்ன?"

பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, ஆபீஸ் சூப்பிரண்டு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "பேசாம எம்.பி.ஏ.ல சேர்த்து விடுங்க சார். வேலை கியாரண்டி!"

இந்த கியாரண்டியை எழுதிக் கொடுப்பார் யாரும் இல்லை. ஆனால், அதை நம்பி பாங்கியில் கையெழுத்துப் போடும் அப்பாக்கள் ஏராளம்.

எம்.பி.ஏ. கெட்ட படிப்பு அல்ல. எந்தப் பட்டம் பெற்றவரும் அதில் சேரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் தேர்வு இருக்கிறது. ஐ.ஐ.எம்.களுக்கு கேட் தேர்வு இருக்கிறது. நன்றாக எழுதி நல்ல இடத்தில் சேர்ந்தால் சந்தோஷமே. "எங்கேயாவது ஒரு எம்.பி.ஏ." என்று ஓடுவதில்தான் ஆபத்து.

கல்விக்கடன் ரூ.4 லட்சம் வரை பாங்கிகள் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால், வட்டி சும்மா இருக்குமா? பையன் படிக்கும்போதே அதுவும் ஓடுகிறது. படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் தவணை வாசலில் வந்து நிற்கும். வேலை கிடைத்ததா, இல்லையா என்று அது கேட்காது!

வேறு கதவுகள்

எம்.காம். இருக்கிறது. அதில் 55 சதவீத மார்க்கும், 'நெட்' அல்லது 'செட்' தேர்ச்சியும் இருந்தால் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தகுதி வந்து விடும்.

எம்.ஏ. பொருளாதாரம் இருக்கிறது. மத்திய சர்க்காரின் இந்தியப் பொருளாதாரப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. அதற்கு விண்ணப்பிக்க பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். பி.காம். மட்டும் போதாது. பி.ஏ. பொருளாதாரம் மட்டும் இருந்தாலும் போதாது.

இந்தப் படிப்பு சென்னைக்குப் புதிதும் அல்ல. 1915-ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கடன் என்று கணக்கெடுக்க வைத்தார். அது 1918-ல் புத்தகமாக வந்தது. 1993-ல் ராஜா செல்லையா முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ் தொடங்கப்பட்டது. கோட்டூர்புரத்துக்கு பஸ் ஏறினால் பார்த்து விடலாம்!

இடிக்கிற இடம்

கதவு இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கிறது? கணக்கில்தான்.

பிளஸ்-டூ வணிகவியல் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் எல்லோருக்கும் உண்டு. நாலாவது பாடத்தில்தான் வழி பிரிகிறது. வணிகக் கணிதம் எடுப்பவர்களும் உண்டு, கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர்களும் உண்டு. "கணக்கு கஷ்டம்ப்பா" என்று பதினைந்து, பதினாறு வயதில் ஒதுங்கிய பிள்ளை, இருபது வயதில் அதே கணக்கின் முன்னால் வந்து நிற்கிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 'கியூட்' முதுகலைப் பொருளாதாரத் தேர்வில் கணிதமும் புள்ளியியலும் வருகின்றன. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பொருளாதார முதுகலைத் தேர்வில் இரண்டு தாள்கள். அதில் ஒன்று முழுக்க கணிதம். பற்று-வரவு தெரிந்த பிள்ளைக்கு நுண்கணிதம் தெரியவில்லை. அது பிள்ளையின் குற்றமா? மூன்று வருஷம் கல்லூரிக்குப் போய் வந்த பிள்ளையிடம் யாராவது ஒருவர் சொல்லி இருக்க வேண்டாமா?

பட்டம் கையில் வந்த பிறகு இதைத் தெரிந்து கொள்வது, ரெயில் போன பிறகு டிக்கெட் எடுத்த கதைதான்.

செய்ய வேண்டியது

கல்லூரிகள் முதலாண்டிலேயே சொல்ல வேண்டும். எந்த முதுகலைப் படிப்புக்கு எந்தத் தேர்வு, அதில் என்ன பாடம் என்று தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். கணிதம் படிக்காத பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை வகுப்பு வைக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு வாத்தியாரும் ஒரு கரும்பலகையும் போதும்.

பி.காம். பட்டதாரியை எம்.ஏ. பொருளாதாரத்தில் சில இடங்களில் சேர்க்கிறார்கள். சில இடங்களில் சேர்ப்பதில்லை. அந்த விதியையும் முன்கூட்டியே விசாரித்துச் சொல்வது கல்லூரியின் கடமை.

பெற்றோரும் பணம் கட்டும் முன்பு கேட்க வேண்டும். "போன வருஷம் படிச்சு முடிச்ச பசங்க எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது? சம்பளம் என்ன? லிஸ்ட் இருக்கா?" பதில் சொல்லத் தயங்குகிற காலேஜில் கட்டணம் கட்டவும் தயங்கலாம்; தப்பே இல்லை.

கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை பார்த்து எடுக்கிறோம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் படிப்பைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கலாமா?