வருஷத்துக்கு 15 நாள் கூலி – உழைப்பாளியின் விலை இதுதானா?

குளச்சல், –

தோழர்களே!

"முதலாளி பணம் போட்டால்தான் வேலை உண்டு, அவர் மனம் கோணாமல் நடந்துகொள்ளுங்கள்" என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். கோணாமல் நடந்த இடத்தில் கண்ட பலன் என்ன? மறைமலை நகரைப் பாருங்கள்!

1990களின் கடைசியில் ஃபோர்டு கம்பெனி அங்கே கார் செய்யத் தொடங்கியது. சர்க்கார் சலுகைகளை வாரிக் கொடுத்தது. குளச்சல் கரையிலிருந்து பிழைப்புத் தேடிப் போகிற நம் பிள்ளைகளைப் போல, மீசை அரும்பும் வயதில் போய்ச் சேர்ந்தவர்கள்தான் அந்தத் தொழிலாளிகள். இராத்திரி ஷிப்டு, பகல் ஷிப்டு என்று உழைத்தார்கள். கலியாணம் செய்தார்கள், கடன்பட்டு வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தோளும் முழங்காலும் தேய்ந்த வயதில், 2021 செப்டம்பர் 9 அன்று இடி விழுந்தது: "இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம்!" 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது.

காரணம் கேட்டால், பத்து வருஷத்தில் 200 கோடி டாலர் நஷ்டமாம்! எந்தக் காரைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்தவன் தொழிலாளியா? முடிவு அமெரிக்காவிலே, தண்டனை மறைமலை நகரிலே! நாற்பது தாண்டியவனை எந்தக் கம்பெனி கூப்பிடும்? வாசலில்தான் பயிற்சியாளர், காண்டிராக்ட் என்று இளவட்டங்கள் வரிசையில் நிற்கிறார்களே! உழுத மாடு கிழடானால் அடிமாடு. இதுதான் முதலாளித்துவ தர்மம்.

ஆலையை மூடினால் சட்டம் விதிக்கிற நஷ்டஈடு, வேலை செய்த வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். ஃபோர்டு தொழிலாளிகள் அதற்கு மேல் பெற்றது யாருடைய தயவாலும் அல்ல. 2022 மே கடைசியில் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்தார்கள். அந்த ஒற்றுமையின் பலன் அது.

பஞ்சாலைத் தோழரே, இது யாருக்கோ வந்த கஷ்டம் என்று இருந்துவிடாதீர்! முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவும் சர்க்காரின் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. 250 பேர் வேலை செய்யும் மில்லை மூட இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை! அந்த 15 நாள் மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது அதே ஃபோர்டு திரும்பி வருகிறது. 2025 அக்டோபரில் ஒப்பந்தம்: 3,250 கோடி ரூபாய், 2029 முதல் இஞ்சின், வேலையோ சுமார் 600 பேருக்கு. வெளியே தள்ளப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் கதி? அதைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை!

1741ல் டச்சுக் கம்பெனி பீரங்கியோடு நம் குளச்சல் கரையில் இறங்கியது, தோற்றுச் சரணடைந்தது. இன்று கம்பெனிகள் ஒப்பந்தக் காகிதத்தோடு இறங்குகின்றன. அவர்களை வரவேற்கிற சர்க்காரிடம் நாம் கேட்பது இவைதான்:

வேலையிழந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் புதிய வேலையில் முதலிடம்! நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள்! மூடுவதற்கு அனுமதி என்ற வேலியை மீண்டும் 100க்குக் கொண்டுவா! 15 நாள் என்ற பிச்சைக் கணக்கை ஒழி!

கேட்டால் கொடுத்துவிட மாட்டார்கள். ஆலையும் வயலும் சேர்ந்து நின்று கேட்டால், கொடுக்காமல் இருக்க முடியாது!